சிலுவைப்போர் நாடுகளில் போப்பின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபட்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், எந்த நாடுகளைப் பற்றிய பேச்சு இது?

எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கக் கிளம்பிய முதல் சிலுவைப்போர் 1099-ல் முடிந்தபோது மேற்கு ஐரோப்பியர் கிழக்கு மத்தியதரைக் கடலோரம் அரசுகள் அமைத்துக்கொண்டார்கள்: எடெஸ்ஸா, அந்தியோக்கியா, எருசலேம், கொஞ்சம் பின்னால் திரிப்போலி. இன்றைய துருக்கியின் தெற்கு, சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று பரவிக் கிடந்த இடம். எடெஸ்ஸா 1144-லேயே கைவிட்டுப் போனது. எருசலேம் நகரத்தை 1187-ல் சலாஹுதீன் பிடித்தார். மீதி ராஜ்யம் ஆக்கர் துறைமுகத்தைத் தலைநகராக வைத்துக்கொண்டு 1291 வரை தாக்குப்பிடித்தது. அங்கே லத்தீன் திருச்சபைக்கு, அதாவது ரோமைச் சேர்ந்த திருச்சபைக்கு, எருசலேமில் ஒரு முதுபெரும் தந்தை (பேராயர்களுக்கும் மேலான தலைவர்), அந்தியோக்கியாவில் ஒரு முதுபெரும் தந்தை, இருவருக்கும் மேலே ரோமில் போப். ஏட்டில் அவ்வளவுதான் ஏற்பாடு.

போரை ஆரம்பித்தவரே போப். அப்படியானால் எருசலேம் ஏன் போப்பின் ஆட்சிக்கு வரவில்லை?

இரண்டாம் அர்பன் 1095-ல் கிளெர்மோனில் அழைப்பு விடுத்தார், சரி. தன் சார்பில் லே புய் நகர ஆயர் அதேமாரையும் அனுப்பினார். அந்த அதேமார் 1098 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அந்தியோக்கியாவில் நோயில் இறந்துபோனார். தலைவர்கள் அடுத்த மாதமே போப்புக்கு எழுதினார்கள், நீங்களே நேரில் வந்து நடத்துங்கள் என்று. அவர் வரவில்லை. எருசலேம் விழுந்தது 1099 ஜூலை 15. அர்பன் இறந்தது ஜூலை 29. நகரம் பிடிபட்ட செய்தி அவரை எட்டவே இல்லை.

ஆக, ஆட்சியை எப்படி அமைப்பது என்று முடிவெடுக்க வேண்டிய வாரங்களில் அங்கே போப்பின் ஆள் யாரும் இல்லை. படையோடு வந்த பிரபுக்கள் தங்களுக்குள் கோட்ஃப்ரேயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், ஷோக் ஊர் அர்னுல்ஃப் என்ற குருவை முதுபெரும் தந்தையாக்கினார்கள். ரோம் திட்டம் போட்டு அந்த நாட்டை நடத்தியது என்று நினைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் படித்தால் எதுவுமே புரியாது. பெரும்பாலும் அங்கே சண்டை போட்டவர்கள் கடல் தாண்டி ரோமுக்கு ஓடினார்கள், யார் போய்ச் சேர்ந்தாரோ அவர் கையில் ஒரு கடிதத்தோடு திரும்பினார், அடுத்தவர் போனால் வேறொரு கடிதம் கிடைத்தது. கீழே வரும் கதைகளில் பாதி இதுதான்.

டைம்பர்ட் எருசலேமைத் தன் சொத்தாக்கப் பார்த்தாராமே?

பார்த்தார், கிட்டத்தட்ட முடித்தும்விட்டார். இவர் பிசா நகரப் பேராயர், பெரிய கப்பற்படையோடு வந்து சேர்ந்தவர். கோட்ஃப்ரேயிடம் கப்பல் கிடையாது, துறைமுகம் என்று சொல்ல ஜாஃபா ஒன்றுதான். அந்த நெருக்கடியில் 1099 கிறிஸ்துமஸ் சமயத்தில் அர்னுல்ஃபை ஒதுக்கிவிட்டு டைம்பர்ட் முதுபெரும் தந்தை ஆனார். கோட்ஃப்ரே, அந்தியோக்கியாவின் பொஹெமண்ட் இருவருமே அவர் முன் மண்டியிட்டுத் தங்கள் நிலத்தை அவர் கையால் வாங்கிக்கொண்டார்கள். 1100 ஈஸ்டரில் எருசலேம் நகரம், அதன் கோட்டையான தாவீதின் கோபுரம், ஜாஃபா எல்லாம் ஒருநாள் திருச்சபைக்கு வரும் என்று வாக்கும் வாங்கிவிட்டார்.

கோட்ஃப்ரே அந்த ஜூலையிலேயே இறந்தார். அவருடைய வீரர்கள் கோபுரத்தைக் கொடுக்காமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, எடெஸ்ஸாவில் இருந்த தம்பி பால்ட்வினுக்கு ஆள் அனுப்பினார்கள். டைம்பர்ட் நம்பியிருந்த பொஹெமண்டோ துருக்கியரிடம் சிறைப்பட்டுப் போனார். கடைசியில் அதே டைம்பர்ட்தான் 1100 கிறிஸ்துமஸ் அன்று பெத்லகேமில் பால்ட்வினுக்கு முடி சூட்ட வேண்டி வந்தது.

அதற்கப்புறம் பணத் தகராறு. தென் இத்தாலிப் பிரபு ரோஜர், படைவீரர்களுக்கும் சேர்த்துப் பங்கிட அனுப்பிய பொற்காசை அமுக்கிக்கொண்டார் என்று டைம்பர்ட்மேல் குற்றச்சாட்டு. 1102-ல் போப்பின் தூதர் முன்னால் விசாரணை நடந்து பதவி போனது. டைம்பர்ட் முதலில் அந்தியோக்கியாவுக்கும் பிறகு ரோமுக்கும் போனார். போப் இரண்டாம் பாஸ்கல் விசாரித்து, அவர் பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்துப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்! திரும்பும் வழியில் சிசிலியின் மெசினாவில் டைம்பர்ட் இறந்துவிட்டார். அதற்குள் அவர் இடத்தில் எவ்ரெமார் என்பவர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிக்கலை அவிழ்க்க ஆர்ல் பேராயர் ஜிபெலினைப் போப் தூதராக அனுப்பினார். அவர் எவ்ரெமாரை நீக்கிவிட்டு, 1108-ல் தானே முதுபெரும் தந்தை ஆகிவிட்டார். நல்ல வயதான மனிதர், சீக்கிரம் இடம் காலியாகும் என்று கணக்குப் போட்டு அர்னுல்ஃப்தான் அவரைக் கொண்டுவந்தார் என்று பின்னாளில் இந்த நாடுகளின் வரலாற்றை எழுதிய தீர் (இன்றைய லெபனான் கடலோர நகரம்) பேராயர் வில்லியம் எழுதினார். 1112-ல் ஜிபெலின் இறக்க, அர்னுல்ஃப் மறுபடி பதவிக்கு வந்தார். கணக்கு தப்பவில்லை.

அரசரின் கல்யாணத்தில் கூடப் போப் தலையிட்டாரா?

ஆமாம், அதிலும் பேரம் உண்டு. முதலாம் பால்ட்வினுக்கு ஏற்கனவே ஓர் ஆர்மேனிய மனைவி இருந்தார், முறைப்படி மணமுறிவு ஆகவில்லை. அப்படியிருக்க 1113-ல் சிசிலியை ஆண்ட பிரபுவின் விதவை அதெலாய்டை மணந்தார். காரணம் காதல் இல்லை, அவர் கப்பல் நிறையக் கொண்டுவந்த செல்வம். அதை ஆசீர்வதித்தவர் அர்னுல்ஃப். 1115-ல் போப்பின் தூதர் வந்து அர்னுல்ஃபை நீக்கினார். வழக்கம்போல அவரும் ரோமுக்குப் போனார். இந்தத் திருமணத்தை முறிக்க வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு பதவியை மீட்டு வந்தார். 1117-ல் அரசர் நோயில் படுத்த நேரம் பார்த்துக் காரியம் முடிந்தது, அதெலாய்ட் வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பப்பட்டார். சிசிலி அரச குடும்பம் இந்த அவமானத்தை மறக்கவில்லை. பக்கத்திலேயே பலமான கப்பற்படை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவ அரசைத் தலைமுறை தலைமுறையாகப் பகைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

போப்பின் தூதருக்கு என்ன அதிகாரம்? கடிதம் போய்வர எவ்வளவு காலம்?

தூதர் வந்துவிட்டால் போப்பே வந்த மாதிரி. ஆயர் மன்றத்தைக் கூட்டலாம், முதுபெரும் தந்தையையே விசாரித்து நீக்கலாம். ஆனால் அவர் வந்து சேர வேண்டுமே. குளிர்காலத்தில் கப்பல் ஓடாது. இலையுதிர் காலத்தில் நடந்த ஒரு விஷயத்துக்கு ரோமின் பதில் அடுத்த கோடையில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதற்குள் ஆள் மாறியிருக்கும், சில சமயம் போப்பே மாறியிருப்பார். தூதருக்குச் சாப்பாடு, இருப்பிடம், குதிரை, பரிவாரச் செலவு எல்லாம் உள்ளூர்த் திருச்சபை தலையில்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1159. அந்த ஆண்டு ரோமில் இரட்டைத் தேர்தல் நடந்து மூன்றாம் அலெக்சாண்டர், நான்காம் விக்டர் என்று இரண்டு போப்புகள். அலெக்சாண்டரின் தூதராக ஜான் என்ற கர்தினால் லெபனான் கடலோர ஜுபைலில் வந்து இறங்கினார். அவரை ஏற்பதா வேண்டாமா என்று எருசலேம் ராஜ்யத்தில் ஆலோசனை. அரசர் மூன்றாம் பால்ட்வின் சொன்ன யோசனை ரொம்ப நடைமுறையானது: யார் உண்மையான போப் என்று தெரியும்வரை பக்கம் சாய வேண்டாம், இவர் பதவிச் சின்னம் எதுவும் இல்லாமல் யாத்திரிகராக வந்து புனித இடங்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும், தூதராக ஏற்றால் செலவு வேறு ஆகும். ஆயர்கள் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். அவரை விரும்பி அழைத்தவர்களுக்கே அவர் பிறகு பாரமாகிப்போனார் என்று வில்லியம் எழுதி வைத்திருக்கிறார்.

தீர் நகரம் யாருக்கு என்ற வழக்கு ஏன் அவ்வளவு இழுத்தது?

பழைய திருச்சபை எல்லைப்படி தீர் பேராயரும் அவருக்குக் கீழே உள்ள ஆயர்களும் அந்தியோக்கியாவைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஆக்கர், பெய்ரூட், சீதோன் எல்லாவற்றையும் பிடித்தது எருசலேம் அரசர். தன் ராஜ்யத்துக்குள் இருக்கும் ஆயர்கள் வேறொரு ஊர்த் தலைவருக்குக் கீழ்ப்படிவதா? அவர் போப்பிடம் கேட்டார். 1111-ல் பாஸ்கல் எழுதிக் கொடுத்தார்: பல நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சியில் பழைய எல்லைகள் குழம்பிவிட்டன, ஆகவே அரசர் பிடிக்கும் நகரங்களின் திருச்சபைகள் எருசலேமுக்கே. உடனே அந்தியோக்கியாவிலிருந்து புகார் போனது. உங்கள் பழைய உரிமையைக் குறைக்கும் எண்ணமே எனக்கு இல்லை என்று அதே பாஸ்கல் அவர்களுக்கும் எழுதினார். இரண்டு தரப்பும் தங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டன.

தீர் நகரமே 1124-ல்தான் பிடிபட்டது. அதன் பேராயர் 1128-ல் ரோமுக்குப் போய், பேராயர் தோளில் அணியும் பாலியம் என்ற பட்டையைப் போப்பின் கையால் வாங்கி வந்தார். வடக்கே திரிப்போலி, தொர்தோசா, ஜுபைல் ஆயர்களைத் தீருக்குத் திருப்பிக் கொடுக்கும்படி அந்தியோக்கியாவுக்குக் கட்டளையும் போனது. யாரும் அசையவில்லை. அடுத்துவந்த பேராயர் ஃபுல்கர், தன் முதுபெரும் தந்தை தடுத்தும் கேட்காமல் ரோமுக்குப் போய் இன்னும் கடுமையான கடிதங்களை வாங்கி வந்தார். அப்போதும் வடக்கு ஆயர்கள் அந்தியோக்கியாவோடுதான், தெற்கு ஆயர்கள் எருசலேமோடுதான். ஆயர் யார் பக்கம் என்பதை அந்த ஊர்க் கோட்டையில் யார் இருந்தார்கள் என்பதே தீர்மானித்தது. பின்னாளில் அதே பதவிக்கு வந்த வில்லியம் தன் வரலாற்றில் இதற்கு நேரடியாக ரோமையே பழிக்கிறார்: எருசலேமுக்குக் கீழ்ப்படி என்று எங்களுக்குச் சொல்கிறது, அந்தியோக்கியா எங்களைப் பிய்த்துத் தின்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற தொனியில். போப்பின் மேல் மரியாதை குறைந்தவர் அல்ல அவர், அதனால்தான் இந்தக் கசப்புக்கு மதிப்பு.

அந்தியோக்கியா ரோமுக்குச் சமம் என்று சொன்னவர் யார்?

டோம்ஃபிரோன் ஊர் ரால்ஃப், 1135 வாக்கில் முதுபெரும் தந்தை ஆனவர். மக்கள் ஆரவாரத்தோடு பதவிக்கு வந்தார். ரோமிலிருந்து பாலியம் வரக் காத்திருக்காமல் தன் பேராலயப் பீடத்திலிருந்து தானே எடுத்து அணிந்துகொண்டார். புனித பேதுரு ரோமுக்குப் போகும் முன் அந்தியோக்கியாவில்தானே இருந்தார், அப்படிப் பார்த்தால் எங்கள் பீடம்தான் மூத்தது என்பது அவர் வாதம். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால்தான் ரோமுக்கு எரிச்சல்.

அவரைக் கவிழ்த்தது அந்த வாதம் அல்ல, அரண்மனை. புவாத்தியே ரேமண்ட் உன்னைத்தான் மணக்க வருகிறார் என்று விதவை இளவரசி ஆலிஸை நம்பவைத்துவிட்டு, அவருக்கு அவளுடைய சிறுவயது மகள் கான்ஸ்டன்ஸை 1136-ல் மணமுடித்துவைத்தவரே ரால்ஃப்தான். அரியணை ஏறிய ரேமண்ட் சீக்கிரமே அவருக்கு எதிரியானார், ரோமுக்குப் புகார்கள் பறந்தன. விசாரிக்க வந்த முதல் தூதர் ஆக்கரிலேயே இறந்துபோனார். இரண்டாவதாக வந்த ஒஸ்தியா ஆயர் அல்பெரிக் 1140-ல் மன்றம் கூட்டினார். ரால்ஃப் வர மறுத்தார், நீக்கப்பட்டார், சங்கிலி போட்டு ஒரு மடத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து தப்பி அவரும் ரோமுக்கே போனார், அங்கே பரிவும் கிடைத்தது, ஆனால் ஊர் திரும்புமுன் இறந்தார். விஷம் வைத்தார்கள் என்று வில்லியம் சொல்கிறார்.

முதுபெரும் தந்தை ஒருவரைத் தேன் தடவி வெயிலில் உட்காரவைத்தது உண்மையா?

வில்லியம் எழுதியிருக்கிறார். ரால்ஃபுக்கு அடுத்து வந்த எமெரியைத்தான். 1150-களில் இளவரசர் ஷாத்தியோன் ரெனால்டு அவரைப் பிடித்து அடித்து, தலைக் காயத்தில் தேன் தடவி, ஈ மொய்க்கக் கோட்டை மாடியில் உட்காரவைத்தார். எருசலேம் அரசர் தலையிட்டு மீட்டார். போப்பின் கடிதம் ஏதும் அந்த மாடிக்கு ஏறவில்லை.

ஹாஸ்பிடலர், டெம்ப்ளர் அமைப்புகள் யாருக்குக் கட்டுப்பட்டவை?

துறவு வாக்குக் கொடுத்த போர்வீரர்களின் இந்த அமைப்புகள் போப்புக்கு மட்டும் கட்டுப்பட்டவை. ஹாஸ்பிடலர்களை 1113-ல் பாஸ்கல் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார், டெம்ப்ளர்களுக்கு 1139-ல் இரண்டாம் இன்னொசென்ட் பெரிய சலுகைக் கடிதம் தந்தார். 1154-ல் ஹாஸ்பிடலர்களின் சலுகைகளும் விரிந்தன. சொந்தக் குருக்கள் வைத்துக்கொள்ளலாம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை உள்ளூர் ஆயருக்குக் கொடுக்க வேண்டாம், ஆயர் விதித்த தடையும் அவர்களுக்கு இல்லை. ஆயர் ஓர் ஊருக்கு வழிபாட்டுத் தடை போட்டால், ஹாஸ்பிடலர் தங்கள் கோயில் மணியை அடித்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆயர் அதிகாரத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்க முடியாது.

எருசலேமில் இது தெருச்சண்டையாகவே ஆனது. இயேசுவின் கல்லறை இருக்கும் திருக்கல்லறை ஆலயத்தின் வாசலுக்கு எதிரே ஹாஸ்பிடலர் உயரமான கட்டடங்களை எழுப்பினார்கள். முதுபெரும் தந்தை பிரசங்கம் செய்ய எழுந்தால் மணியை விடாமல் அடித்தார்களாம். ஆலயத்துக்குள் அம்பும் எய்தார்கள், அந்த அம்புகளைக் கட்டாகக் கட்டிக் கல்வாரி முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள், நானே பார்த்தேன் என்கிறார் வில்லியம். அப்போது முதுபெரும் தந்தை யார் தெரியுமா? தீர் வழக்குக்காக ரோமுக்கு ஓடிய அதே ஃபுல்கர். 1155-ல் முதிர்ந்த வயதில் ஆயர்கள் குழுவோடு மறுபடி கிளம்பினார். போப் நான்காம் அட்ரியன் அப்போது சிசிலி அரசரோடு மோதலில் இருந்தார், ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தார். இவர்கள் பின்னாலேயே அலைந்தார்கள். நாள்கணக்கில் வாதம் நடந்தும் தீர்ப்பு வரவில்லை, வெறுங்கையோடு திரும்பினார்கள். கர்தினால்கள் பரிசுப்பொருள் வாங்கிவிட்டார்கள், நேர்மையாக நின்றவர்கள் ஓரிருவரே என்று வில்லியம் குமுறுகிறார். அந்த ஓரிருவரில் ஒருவர் ஒக்தாவியன், பிறகு நான்காம் விக்டர் என்ற எதிர்ப் போப்பாக நின்றவர்.

லஞ்சம் ஒருபுறம் இருக்கட்டும். ரோம் ஏன் ஹாஸ்பிடலர் பக்கம் சாய்ந்தது என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஆயர் அரசருக்கும் பயப்பட வேண்டியவர். இந்த அமைப்புகளோ நேரே போப்பையே நம்பியிருந்தன, அவர்கள்தான் கோட்டையும் காத்தார்கள்.

உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் கதி என்ன?

இதில் ஒரு விசித்திரம். கிரேக்கத் திருச்சபையும் நம் திருச்சபைதான் என்று லத்தீன்காரர்கள் கருதினார்கள். ஒரே திருச்சபை என்றால் ஓர் ஊருக்கு ஓர் ஆயர்தானே? ஆகவே கிரேக்க ஆயர்களை எடுத்துவிட்டு லத்தீன் ஆயர்களை வைத்தார்கள். ஆர்மேனியர், சிரியாக் யாக்கோபியர் கோட்பாட்டில் தவறியவர்கள், தனிச் சபை என்று எண்ணியதால் அவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். தங்கள் ஆயர்களோடு நிம்மதியாக இருந்தது அவர்கள்தான். லத்தீன்காரர்கள் சிலுவையை வணங்குகிற யாரையும் சோதித்துப் பார்க்காமல் கிறிஸ்தவராக ஏற்றார்கள் என்று யாக்கோபிய முதுபெரும் தந்தை மிகாயேல் எழுதியிருக்கிறார்.

கிரேக்கர் இல்லாமலும் முடியவில்லை. 1101-ல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் திருக்கல்லறையில் ஆண்டுதோறும் தானாகவே எரியும் என்று நம்பப்பட்ட புனிதத் தீ எரியவில்லை. மறுநாள் லத்தீன்காரர்கள் ஊர்வலமாக வெளியே போனபோதுதான் வந்தது, உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் கிரேக்கரும் சிரியரும். சகுனம் புரிந்தது, கிரேக்கக் குருக்களுக்கு ஆலயத்தில் இடம் கிடைத்தது. லெபனான் மலையின் மாரோனியர் என்ற கிறிஸ்தவர்கள் மட்டும் 1182-ல் எமெரி வழியாக ரோமோடு இணைந்தார்கள், சுமார் 40,000 பேர் என்பது வில்லியத்தின் கணக்கு. இந்த இரண்டு நூற்றாண்டுத் திருச்சபை அரசியலில் இன்றுவரை நிலைத்த உறவு அது ஒன்றுதான் என்பேன்.

சபைவிலக்கம் செய்யப்பட்ட பேரரசர் எருசலேமை மீட்ட கதை?

புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக். சிலுவைப்போருக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டவர், 1227-ல் புறப்பட்டு நோய் என்று திரும்பிவிட்டார். ஒன்பதாம் கிரகோரி அவரைச் சபைவிலக்கம் செய்தார். பிரெடெரிக் மன்னிப்பு வாங்காமலே 1228-ல் ஆக்கருக்கு வந்து இறங்கினார். பின்னாலேயே போப்பின் கடிதத்தோடு இரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள்: இவருக்கு யாரும் கீழ்ப்படியக் கூடாது. டெம்ப்ளர்கள் அவர் பெயரில் வரும் உத்தரவை ஏற்க மாட்டோம் என்றார்கள். சரி, கடவுளின் பெயரிலும் கிறிஸ்தவ உலகின் பெயரிலும் உத்தரவு வரட்டும் என்று சமாளித்தார்கள்.

அவர் சண்டையே போடவில்லை. எகிப்து சுல்தான் அல்-காமிலோடு பேசி 1229 பிப்ரவரி 18-ல் ஒப்பந்தம் செய்தார். எருசலேம், பெத்லகேம், நாசரேத் கிறிஸ்தவருக்கு, அல்-அக்சா உள்ள ஆலய மேடு முஸ்லிம்கள் கையிலேயே, பத்து ஆண்டுக்குச் சற்று மேல் போர்நிறுத்தம். இதே அல்-காமில் பத்து ஆண்டுக்கு முன், எகிப்தின் டமியெட்டா துறைமுக முற்றுகையின்போது எருசலேமைத் தருகிறேன் என்றார், போப்பின் தூதர் பெலாஜியஸ் மறுத்தார், 1221-ல் படை நைல் வெள்ளத்தில் மாட்டிச் சரணடைந்தது. தூதர் மறுத்ததைச் சபைவிலக்கமானவர் வாங்கிவந்தார்.

மார்ச் 18 அன்று திருக்கல்லறை ஆலயத்தில் பிரெடெரிக் முடி அணிந்தார். மறுநாள் செசரியா பேராயர் வந்து, முதுபெரும் தந்தை ஜெரோல்டின் உத்தரவுப்படி எருசலேமுக்கே வழிபாட்டுத் தடை போட்டார். எந்த ஊருக்காகப் போர் நடந்ததோ அந்த ஊரிலேயே பூசை கூடாது! நியாயமாகச் சொன்னால் ஜெரோல்டின் ஆட்சேபம் முழுக்க வீம்பு அல்ல, நகரைச் சுற்றி நிலம் கிடைக்காமல் அதைக் காப்பது எப்படி என்ற கேள்வியும் இருந்தது. ஆனால் அதே சமயம் போப்பின் படை இத்தாலியில் பேரரசரின் நாட்டுக்குள் புகுந்திருந்தது. மே 1 அதிகாலை பிரெடெரிக் ஆக்கரிலிருந்து கிளம்பும்போது கசாப்புக்காரர் தெருவில் குடலும் இறைச்சிக் கழிவும் வீசி வழியனுப்பினார்கள். 1230-ல் போப்பும் அவரும் சமாதானமானார்கள்.

போப்புகள் முஸ்லிம் மன்னர்களோடு நேரடியாகப் பேசியதுண்டா?

உண்டு. மூன்றாம் இன்னொசென்ட் 1213-ல் சுல்தான் அல்-ஆதிலுக்கு, எருசலேமைத் திருப்பிக் கொடுத்து ரத்தம் சிந்தாமல் முடிப்போம் என்று எழுதினார். 1240-களில் நான்காம் இன்னொசென்ட் சலாஹுதீன் குடும்பத்தாரான அய்யூபிய மன்னர்களுக்குத் துறவிகள் வழியாகக் கடிதம் அனுப்பினார், மங்கோலியருக்கும் அனுப்பினார். எகிப்தின் அஸ்-ஸாலிஹ் அய்யூப் தந்த பதிலின் சாரம்: எங்களுக்குப் பேரரசரோடு உடன்பாடு உண்டு, அவரைக் கேட்காமல் உங்களோடு எதுவும் செய்ய முடியாது. போப்பால் பதவிநீக்கம் செய்யப்பட்டிருந்த அதே பிரெடெரிக்கைத்தான் சொல்கிறார்.

அந்த ஊரை நேரில் அறிந்த போப் யாரும் இல்லையா?

இருவர் இருந்தார்கள். எருசலேம் முதுபெரும் தந்தையாக இருந்த ஜாக் பாந்தலியோன் 1261-ல் நான்காம் அர்பன் ஆனார். தெபால்தோ விஸ்கோந்தி 1271-ல் போப்பாகத் தேர்வான செய்தி வந்தபோது ஆக்கரில்தான் இருந்தார், அவர்தான் பத்தாம் கிரகோரி. 1274-ல் லியோனில் பொதுச்சங்கம் கூட்டி, புதிய சிலுவைப்போருக்காகத் திருச்சபை வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆறு ஆண்டுக்கு விதித்தார். 1276 ஜனவரியில் இறந்தார், படை கிளம்பவே இல்லை. அடுத்த ஆண்டு எருசலேம் பட்டத்துக்கு உரிமை கோரிய அந்தியோக்கியா மரியா, தன் உரிமையைச் சிசிலியின் சார்லஸுக்கு விலைக்கு விற்றார்.

1291-க்குப் பிறகு அந்தப் பதவி என்ன ஆனது?

மே 18-ல் ஆக்கர் விழுந்தபோது முதுபெரும் தந்தை ஹனாப் நிக்கோலாஸ், அகதிகளை அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் பட்டம் மட்டும் இருந்தது, அதை வைத்திருந்தவர்கள் எருசலேமில் குடியிருக்கவில்லை. 1847-ல் ஒன்பதாம் பத்திநாதர் ஜுசெப்பே வலெர்காவை நியமித்து, உண்மையாகவே எருசலேமில் வசிக்கும் லத்தீன் முதுபெரும் தந்தையை மீண்டும் ஏற்படுத்தினார். இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் கர்தினால் பியர்பத்திஸ்தா பித்ஸபல்லா, 2020-ல் நியமிக்கப்பட்டவர்.